ஆற்றில் இறங்க ஓர் உடுப்பு

மார்ச் 1

அன்புள்ள ஊசிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடப் பார்ப்பாய். போடாதே. முதல் பத்தியைப் படித்துவிட்டு அப்புறம் கிழி.

ஆறு வற்றப்போகிறது! அடியோடு இல்லை, இடுப்பளவுக்கு. மேலே அணையில் மதகு பழுது பார்க்கிறார்களாம். இந்த மாதம் இருபதாம் தேதி காலையிலிருந்து இருபத்தைந்து மாலை வரை, ஆறே நாள், தண்ணீரை நிறுத்தி வைப்பார்கள். ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். கையில் இருந்த ரத்த மாதிரிகளைக் கீழே போடாமல் லேப் வரை போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம்.

மாற்றலாகி இங்கே வந்து பதினான்கு மாதம் ஆகிறது. எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆற்றின் நடுவில் ஒரு தட்டைப் பாறை தெரியும். தினமும் டீ குடித்துக்கொண்டு அதைத்தான் பார்க்கிறேன். அதன் பின்னால் ஒரு மடு. எதிர் வீட்டு பேக்கரிக்காரர் சொல்கிறார்: "அங்க இருக்கிற கெண்டைங்களுக்கு நம்ம வயசு இருக்கும் மேடம். யாரும் கிட்ட போனதே இல்ல." எப்படிப் போவார்கள்? எப்போதும் இரண்டு ஆள் ஆழம், படகு நிற்காத இழுப்பு. இந்த ஆறு நாளில் மட்டும் நடந்தே போகலாம்.

நான் நடந்து போய் அங்கே தூண்டில் போட வேண்டும், ஊசி. ஐம்பத்தொரு வயதில் எனக்கு வேறு ஆசையே இல்லை என்று சொன்னால் உன் அண்ணன் சிரிக்கிறார். ஆனால் அந்த ஏரிக்குப் பிறகு இரண்டு வருஷமாக நான் தண்ணீரில் கால் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போடுகிற, பாதத்திலிருந்து மார்பு வரை மூடும் பழைய ரப்பர் உடுப்பை இரவல் வாங்கிப் போட்டேன், இடுப்பில் பெல்ட் கூடக் கட்டவில்லை, வழுக்கினேன், உடுப்புக்குள் ஏரியே வந்து உட்கார்ந்துகொண்டது. நீதான் என்னை இழுத்துப் போட்டாய். அதற்கு அன்றே நன்றி சொல்லியாயிற்று. என் கோபம் அதற்கு அடுத்த அரை மணி நேரத்தைப் பற்றியது. "உங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதே"ன்னு கெஞ்சினேனா இல்லையா? நான் தலை துவட்டி முடிப்பதற்குள் போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டாய். அன்றிலிருந்து அந்த மனிதர் நான் குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டி "இருக்கியா?" என்று கேட்கிறார்.

மூன்று நாள் மன்றாடினேன். கடைசியில் இறங்கி வந்தார். உனக்குத்தான் தெரியுமே, லிப்ட் மெக்கானிக் புத்தி. "என் தங்கச்சி உடுப்பைப் போட்டுப் பாத்து, சரின்னு எழுதிக் கொடுக்கட்டும். அப்புறம் போ. இல்லேன்னா ஜன்னல் வழியா பாரு."

இங்கே குடையும் தூண்டிலும் விற்கும் ஒரே ஒரு கடைதான். உன் நகரத்தில் எல்லாம் கிடைக்கும். நமக்கு ஒரே உயரம், ஒரே செருப்பு அளவு. நீ பன்னிரண்டு வருஷமாக மழைக்கோட்டு தைக்கிறவள். லேசாக இருக்க வேண்டும், ஆனால் உழைக்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் தெரியும். போனில் கேட்டிருப்பேன், நீதான் என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறாயே.

அண்ணி

*

மார்ச் 5

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை.

எண்ணை அடைத்தது உண்மை. போனில் நீங்கள் என்னைப் பேச விடுவதில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. எனக்கு இது வசதியாக இருக்கிறது.

அண்ணன் கேட்டார், சொன்னேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

உடுப்பு விஷயம். என்னால் முடியாது. நான் சரி என்று எழுதிக் கொடுத்து நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் அண்ணன் முகத்தில் நான் எப்படி விழிப்பது? வேறு ஆளைப் பாருங்கள்.

வேறு ஆளிடம் கேட்பதாக இருந்தாலும் வெறும் "லேசு, உழைப்பு" என்று சொன்னால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள். ஆற்றின் அடியில் மணலா கல்லா? கல் என்றால் உருண்டையா, கூரா? தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி? கரையிலிருந்து பாறைக்கு எத்தனை அடி நடக்க வேண்டும்? உள்ளே என்ன போட்டுக்கொள்வீர்கள்? உங்கள் இடது முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது, குந்த முடிகிறதா? கடைசியாக இடுப்பளவு எடுத்தது எப்போது? பொய் சொல்லக் கூடாது.

ஊசி

பி.கு: சனிக்கிழமை எனக்கு அரை நாள் லீவு.

*

மார்ச் 8

என் தங்கமே, ஊசி!

அந்தப் பின்குறிப்பை உன் அண்ணனிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன். "மாட்டேன்னு தானே எழுதியிருக்கா?" என்கிறார். ஒரு வீட்டில் பிறந்தும் உன்னைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை அவருக்கு.

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். அடியில் கல், உருண்டைக் கல், மேலே பாசி, பாறைப் பக்கம் மட்டும் கூர். தண்ணீர் சில்லென்று இருக்கும், லேப் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டிப் பாலத்திலிருந்து இறக்கிப் பார்த்தேன், பதினான்கு டிகிரி. தூரம் அறுபது அடி. கரையிலும் பாலத்திலும் நின்று இரண்டு தடவை கணக்குப் போட்டோம், உன் அண்ணன் ஐம்பத்தெட்டு என்கிறார், விடு. உள்ளே கம்பளிக் காலுறையும் ஒரு மெல்லிய பேன்ட்டும். முழங்கால் சமர்த்தாக இருக்கிறது, ஆனால் குந்தினால் எழுந்திருக்க ஏதாவது பிடிமானம் வேண்டும். அதனால்தான் கனம் ஆகாது. அந்தப் பழைய ரப்பர் உடுப்பை லேப் தராசில் வைத்தேன். ஐந்தே கால் கிலோ! பிறந்த குழந்தை இரண்டைக் காலில் கட்டிக்கொண்டு நடந்த மாதிரி.

இடுப்பளவு முப்பத்தேழு. சரி, முப்பத்தெட்டரை.

இவ்வளவு கேட்டவள் முக்கியமான ஒன்றைக் கேட்க மறந்துவிட்டாய். ஆற்று நடுவில் அவசரம் என்றால் பெண்பிள்ளை என்ன செய்வது? இந்த உடுப்பையெல்லாம் வடிவமைக்கிற ஆண்களுக்கு அது தோன்றவே தோன்றாது. கவனித்து வாங்கு.

பேக்கரிக்காரர் நேற்று ஒரு கெண்டை துள்ளியதைப் பார்த்தாராம். கையை விரித்துக் காட்டினார், கடை அகலம் பத்தவில்லை.

இரவு பகல் எனக்கு அந்தப் பாறைதான் ஞாபகம். சில நேரம் ஏரியும் ஞாபகம் வருகிறது. அப்போது ஜன்னலை மூடிவிடுகிறேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அண்ணி

*

மார்ச் 12

அண்ணிக்கு,

சனிக்கிழமை மூன்று கடை ஏறி இறங்கினேன். உங்களுக்காக அல்ல. துணியைப் பார்க்கலாமே என்று.

முதல் கடையில் ரப்பரை எடுத்துப் போட்டார்கள். "கல்லு மாதிரி உழைக்கும் மேடம்." கல் மாதிரிதான் இருந்தது. போட்டுக்கொண்டு குந்தினேன். எழுந்திருக்க முடியவில்லை. கடைக்காரரும் இன்னொரு வாடிக்கையாளரும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது கடையில் நியோப்ரீன். பஞ்சு மாதிரி தடிமன், கதகதப்பு. பனி உறைகிற தண்ணீரில் அசையாமல் நிற்பவர்களுக்கு நல்லது. நடக்கிறவர்களுக்கு உள்ளே வியர்வையே இடுப்பளவு வந்துவிடும்.

மூன்றாவது கடையில்தான், அண்ணி, எனக்கு உட்கார மனம் வந்தது. மூச்சு விடும் துணி. வெளித் தண்ணீரை உள்ளே விடாது, உள் வியர்வையை வெளியே அனுப்பும். எங்கள் பட்டறையில் விலை உயர்ந்த கோட்டுக்கு மட்டும் வரும் சரக்கு. அதில் நான்கு ரகம். எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுத் தையலைப் பார்த்தேன். "மேடம், அது புது சரக்கு"ன்னு விற்பனைக்காரர் பதறினார். "நானும் புதுசா வாங்கத்தான் வந்திருக்கேன்"னு சொன்னேன்.

இருப்பதிலேயே லேசானது முக்கால் கிலோ கூட இல்லை. ஆனால் முழங்காலில் ஒரே மடிப்புத் துணி, வெங்காயத் தோல். கூரான கல்லில் ஒரு முறை மண்டியிட்டால் தீர்ந்தது. அதற்கு அடுத்ததை எடுத்தேன். ஒரு கிலோ நூறு கிராம். மேலே மூன்று அடுக்கு, தொடைக்குக் கீழே ஐந்து அடுக்கு, உட்காரும் இடத்திலும் ஐந்து. தையல் உள்தொடையில் ஓடவில்லை, முன்னும் பின்னும் ஓடுகிறது. நடக்கும்போது கால் இரண்டும் உரசுகிற இடத்தில் தையல் வைத்தால் ஒரே வருஷத்தில் போய்விடும், அதை யோசித்து வெட்டியிருக்கிறான் புண்ணியவான். பாதம் காலுறை மாதிரி முடிகிறது, மேலே தனி பூட்ஸ் போட வேண்டும், பாசிக்கு அதுதான் பிடிப்பு. நீங்கள் கேட்ட அவசரத்துக்கு முன்பக்கம் நீள ஜிப் இருக்கிறது. பெல்ட் இருக்கிறது. பெல்ட் கட்டாமல் இறங்கினால் நான் மறுபடி போட்டுக் கொடுப்பேன்.

அதைப் போட்டுக்கொண்டு அந்தக் கடையின் இரண்டு மாடி ஏறி இறங்கினேன். நாற்காலி மேல் கால் வைத்தேன், குந்தினேன், எழுந்தேன். யாரும் கை கொடுக்கவில்லை! ஏறும்போது மாடியில் குடியிருக்கும் ஒரு பெண் பயந்து வழி விட்டாள். எனக்கு ஏனோ சிரிப்பு அடங்கவே இல்லை. உங்களுக்கு இது பிடிக்கும் அண்ணி. கண்டிப்பாகப் பிடிக்கும்.

ஒரே குறை. பெண்கள் அளவு இல்லை, ஆண்களில் சிறியது. கால் மூன்று விரல் அதிக நீளம். கணுக்காலில் துணி சுருண்டு கிடந்தால் உரசித் தேயும். வீட்டுக்குக் கொண்டுவந்து முழங்காலுக்குக் கீழே சுற்றிலும் மடித்துப் பிடித்துத் தைத்துவிட்டேன். முடிந்தால் தையலைக் கண்டுபிடியுங்கள், பார்ப்போம்.

பூட்ஸும் சேர்த்துப் பார்சல் அனுப்பிவிட்டேன். கீழே உள்ளதை வெட்டி அண்ணனிடம் கொடுங்கள்.

"போட்டுப் பார்த்தேன். சரி. தங்கை."

ஊசி

*

மார்ச் 16

ஊசி, ஊசி, ஊசி,

பார்சல் வந்தது! வாசலிலேயே பிரித்துப் போட்டு, மேலே செருப்பையும் மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்றேன். கட்டிக்கொண்டதே தெரியவில்லை. அப்படியே பேக்கரிக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தேன். பேக்கரிக்காரர் மூக்கின் மேல் விரல் வைத்துவிட்டார். உன் அண்ணன் உன் துண்டுச் சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டார். அந்தப் பர்ஸில் என் போட்டோ கூடக் கிடையாது.

ஆனால் லேப்காரி புத்தி சும்மா இருக்குமா? எதையும் சோதிக்காமல் நம்பினால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இந்தத் துணியில் ஓட்டை பார்க்க ஒரு வழி இருக்கிறது. உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டு, ஊசி போடும் முன் தடவுகிற ஸ்பிரிட்டைத் தெளித்தால், ஓட்டை இருக்கிற இடம் மட்டும் கரும்புள்ளியாகத் தெரியும். தெளித்தேன்.

உன் தையலைக் கண்டுபிடித்துவிட்டேன். முழங்காலுக்குக் கீழே சுற்றிலும் வரிசையாக, என்ன அழகான வரிசை! லேப்பில் ரத்த அணு எண்ண அழுத்தும் சின்னக் கைக்கருவியை எடுத்து எண்ணினேன். இடது காலில் நூற்றுப் பதினேழு, வலது காலில் நூற்றுப் பதினான்கு. மொத்தம் இருநூற்று முப்பத்தொன்று.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மழைக்கோட்டு தைக்கிறவள் தண்ணீர் புகாத உடுப்பைச் சல்லடையாக்கி அனுப்பியிருக்கிறாள்! சிரித்து முடித்ததும்தான் உன் அண்ணன் பின்னால் நிற்பதைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பர்ஸிலிருந்து சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, "ஜன்னலே நல்லது"ன்னு சொல்லிட்டுப் போய்விட்டார்.

இன்னும் நான்கு நாளில் மதகை அடைக்கிறார்கள். என்ன செய்யலாம்? உனக்குத் தெரியாமல் இருக்காது. கோபமில்லை. ஆனால் நேற்று ஏரிக் கனவு வந்தது. சீக்கிரம் எழுது.

அண்ணி

*

மார்ச் 18

அண்ணி,

உங்கள் கடிதம் பட்டறைக்கு வந்தது. மெஷினில் உட்கார்ந்தபடி படித்தேன். இருநூற்று முப்பத்தொன்று என்ற இடத்தில் விரல் வைத்து மறுபடி படித்தேன்.

எப்படிச் செய்தேன் என்று எனக்கே இப்போதுதான் புரிகிறது. பட்டறையில் நான் தைத்ததும் கோட்டு என் வலதுபக்கம் போகும். அடுத்த மேஜையில் தையல் மேல் நாடா வைத்துச் சூட்டில் ஒட்டுவார்கள். தண்ணீரைத் தடுப்பது அந்த மேஜை. பன்னிரண்டு வருஷம் தைத்தேன், வலதுபக்கம் தள்ளினேன். வீட்டிலும் தைத்து முடித்து வலதுபக்கம்தான் வைத்தேன். அங்கே கட்டில் இருந்தது. மடித்துப் பார்சல் போட்டுவிட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். நேரில் வராது.

ஏரியில் உங்கள் உடுப்பின் தோள்பட்டியைப் பிடித்து இழுத்தேன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். முதலில் நான் பிடித்தது உங்கள் கையை. கனம் என்னையும் இழுத்தது. விட்டுவிட்டேன். நழுவவில்லை அண்ணி, நானாகத்தான் விட்டேன். நானும் போய்விடுவேன் என்று பயந்தேன். ஒரு மூச்சு நேரம் இருக்கும். அதற்குப் பிறகுதான் பட்டியைப் பிடித்தேன். அண்ணனிடம் ஓடியது இதைச் சொல்லத்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதிதான் வந்தது. "அண்ணி தண்ணியில விழுந்துட்டாங்க"ன்னு மட்டும் சொன்னேன். மிச்சம் இரண்டு வருஷமாகத் தொண்டையிலேயே நிற்கிறது. நீங்கள் போட்டுக் கொடுத்தவள் என்று திட்டியபோது நிம்மதியாகக்கூட இருந்தது. அந்தத் திட்டு எனக்குக் குறைச்சல்தான்.

இப்போது உங்களை ஓட்டை உடுப்போடு அனுப்பப் பார்த்திருக்கிறேன். நான் வரும்வரை தண்ணீரில் கால் வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நாடா, பசை, சின்ன இஸ்திரிப் பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். அண்ணனிடம் நானே பேசுகிறேன். நான் கரையில்தான் நிற்பேன், என்னைத் தண்ணீரில் இறங்கக் கூப்பிடாதீர்கள். என் கையை நம்பி யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம்.

ஊசி

*

மார்ச் 27

என் ஊசிக்கு,

இரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்தாய். கடிதத்தில் எழுதியதைப் பற்றி நீயும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. வந்ததும் வராததுமாக இஸ்திரிப் பெட்டியைச் சுட வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். நாடா ஒட்டி முடித்ததும் நான் ஸ்பிரிட் தெளித்தேன். புள்ளி ஒன்றுகூட இல்லை. நீ நம்பாமல் இன்னொரு தடவை தெளிக்கச் சொன்னாய். மூன்றாவது தடவை உன் அண்ணனே தெளித்தார். உடனே துண்டுச் சீட்டு பர்ஸுக்குள் போய்விட்டது.

உனக்குத் தெரியாததை இப்போது எழுதுகிறேன். கரையில் நீ பெல்ட்டை இறுக்கிவிட்டபோது எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. வெளியே வாயெல்லாம் பல்லாக இருந்தேன், உள்ளே உயிர் இல்லை. பத்து அடி நடந்தேன். தண்ணீர் தொடையை அழுத்தியது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை, அந்த லேசு எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. இருபதாவது அடியில் இடது கால் பாசியில் சறுக்கியது. நின்றுவிட்டேன். முன்னால் போக முடியவில்லை, பின்னால் திரும்பவும் முடியவில்லை. ஏரி வந்து என் முன்னால் நின்றது. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் முதுகுதான் உனக்குத் தெரிந்திருக்கும்.

அப்போது உன் குரல். "அண்ணி, அப்படியே நில்லுங்க. கோலை முன்னால ஊனுங்க. இப்ப வலது கால். சின்னதா வைங்க. அவ்வளவுதான். இப்ப இடது." தண்ணீர் மேல் குரல் இவ்வளவு கிட்டக் கேட்குமா என்று வியந்துகொண்டே நடந்தேன். பாறையைத் தொட்டேன்! மூன்றாவது வீச்சில் தூண்டில் வில்லாக வளைந்தது. அந்தக் கெண்டையை மேலே கொண்டுவரக் கால் மணி நேரம் ஆயிற்று. என் கை நீளம், பொன் நிறம், கிழவன் மாதிரி என்னை முறைத்தான். விட்டுவிட்டேன். உன்னிடம் கத்திச் சொல்லத் திரும்பினேன்.

கரையில் உன் அண்ணன் மட்டும் நின்றார், கையில் உன் கைப்பை. நீ எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில், வேலைக்குப் போடுகிற பேன்ட்டும் கான்வாஸ் ஷூவுமாக, இரண்டு கையையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றாய். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "எப்படி இறங்கினே?"ன்னு கேட்டதும் குனிந்து பார்த்தாய் பார், அப்போதுதான் உனக்கே தெரிந்தது.

ரயில் ஏறும்வரை "முழங்கால் வரைக்கும்தான்" என்று சாதித்தாய். என்னிடமா காது குத்துகிறாய்? சோதனைக் குழாயில் ரத்தம் எதுவரை நிற்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. உன் நீலச் சட்டையில் ஈரக் கோடு இடுப்புக்கு மேல் நான்கு விரல்.

இனி அந்த விஷயம். நீ கையை விட்டது எனக்கு அன்றே தெரியும். என் கைதானே, எனக்குத் தெரியாமல் போகுமா? அந்தக் கனத்தில் நானாக இருந்தாலும் விட்டிருப்பேன். ஆனால் நீ திரும்பப் பிடித்தாய். பயந்துகொண்டே மறுபடி பிடித்தாய். இரண்டு வருஷமும் எனக்கு வருத்தம் என்ன தெரியுமா? என்னிடம் சொல்லி அழுதிருக்கலாம், அவரிடம் ஓடினாய். அவ்வளவுதான். இப்போது என்னிடம் சொல்லிவிட்டாய். எனக்குக் கணக்கு தீர்ந்தது.

உனக்கும் ஓர் உடுப்பு வாங்கப்போகிறேன். அந்த மூன்றாவது கடைக்காரரிடம் பேசிவிட்டேன், பெண்கள் அளவு வரவழைக்கிறாராம். இனி நாம் இருவர் சேர்ந்துதான் இறங்குவது. உன் அளவை எழுதி அனுப்பு.

அண்ணி

*

மார்ச் 31

அண்ணிக்கு,

சட்டையை எடுத்துப் பார்த்தேன். காய்ந்த கோடு இருக்கிறது. நான்கு விரல் இல்லை, மூன்றரை.

உங்கள் எண்ணை அடைப்பிலிருந்து எடுத்துவிட்டேன். இருந்தாலும் இதை எழுதத்தான் வருகிறது.

அளவு கேட்டீர்கள். டேப்பை எடுத்துக் கண்ணாடி முன் நின்றேன். பன்னிரண்டு வருஷமாக மழைக்கோட்டு, அதற்கு முன்னால் ஊரார் துணி, எத்தனையோ பேரை நிற்க வைத்து அளந்திருக்கிறேன். என்னை யாரும் அளந்ததில்லை. தன் அளவைத் தானே எடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். கையைத் தூக்கினால் மார்பு மாறும், குனிந்தால் கால் மாறும். மூன்று தடவை எடுத்தேன், மூன்று கணக்கு வந்தது. பட்டறையில் எடுத்துத் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். டேப் நான் கொண்டுவருகிறேன், நீங்கள் பிடியுங்கள். நான் அசையாமல் நிற்பேன்.

ஊசி